நாங்கள் போக ஆறு பேர்

மேலப்பொய்கையில் ஒருவர் மாறிப் போனால், மாறுவதற்கு முன் இருந்தவர் அன்றிரவே தலையணையோடு வந்து கட்டிலில் இடம் கேட்பார். கொடுத்துவிடுவார்கள். அதனால் அந்த ஊர்க் கடைகளில் இருவர் கட்டில், நால்வர் கட்டில், அறுவர் கட்டில் என்றுதான் விற்பனை. கல்யாணத்துக்கு வாங்குவது இருவர் கட்டில். அதிலேயே கடைசிவரை படுத்து எழுந்தவர்களும் உண்டு. பாவம், அவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கிறது என்று ஊர் பேசிக்கொள்ளும்.

எல்லா மாற்றத்துக்கும் ஆள் வந்துவிடுவதில்லை. தலை நரைத்ததற்கோ, கண்ணாடி போட்டதற்கோ யாரும் வருவதில்லை. ஒரு நாள் காலையில் முகம் கழுவும்போது, இந்தக் கையை வைத்துக்கொண்டு நேற்றுவரை வேறு யாரோ வாழ்ந்திருக்கிறார்கள் என்று தோன்றும். அன்றைக்குத்தான் வருவார்கள். விளக்கை அணைத்துக் கண்ணை மூடியதும் வந்து படுப்பார்கள், விடிந்தால் இருக்கமாட்டார்கள். சாப்பாடு கேட்பதில்லை, போர்வை மட்டும் வேண்டும். தங்கள் காலத்துக்குப் பிறகு நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொல்வதும் இல்லை. அது மரியாதை.

வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் எல்லோரும் படுத்த பிறகு ஆளுக்கொரு விளிம்பில் படுத்துக்கொள்வார்கள். ஆண்களில் ஒருவர், பெண்களில் ஒருவர் என்று, கட்டிலிலிருந்து முதலில் தரையில் கால் வைப்பவருக்கு அன்றைய பகல். கட்டிலில் கிடக்கும் மற்றவர்கள் அந்த நிமிடமே போய்விடுவார்கள். நடுவில் கிடப்பவர்கள் தூக்கக் கலக்கத்தில் முந்திக்கொண்டு இறங்கிவிடக் கூடாது அல்லவா, அதற்காக விளிம்பு. இதைக் கல்யாணமான புதிதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பார்கள். எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் தம்பதிகள் தங்களைச் சேர்த்துச் சொல்லக் கூடாது. "நாங்க போக நாலு பேர்" என்றுதான் சொல்ல வேண்டும். பந்தியில் இலை எண்ணும்போது பரிமாறுகிறவர் தன் இலையை எண்ணாத மாதிரி. கட்டில் கடைக்காரர்களும் அதைத் தெரிந்துகொண்டு, சொன்ன கணக்கோடு இரண்டைக் கூட்டிக்கொள்வார்கள்.

திலகவதிக்கும் ஞானசம்பந்தத்துக்கும் அவர்கள் போக ஆறு பேர்.

தெற்கு வீதி வீட்டின் கூடத்தை அடைத்துக்கொண்டு எண்மர் கட்டில் ஒன்று கிடந்தது. அதன் மேல் இலவம்பஞ்சு மெத்தை. படுத்துப் படுத்து அது உழுத வயல் மாதிரி மேடும் பள்ளமுமாக ஆகியிருந்தது. எந்தப் பள்ளம் யாருடையது என்று இருட்டில்கூட யாரும் தடுமாறியதில்லை.

நடுவில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும். மணப்பெண் திலகவதியின் இருபத்திரண்டு வயது. தலையில் வாடாத கதம்பம். மாப்பிள்ளை, போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்பதுபோல் கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு படுத்திருப்பார். மணப்பெண் கண்ணை மூடும் முன்பு தினமும் ஒரே கேள்வி கேட்பாள். "கேட்டைப் பூட்டியாச்சா?" அவள் கேட்பது அவளுடைய அப்பா வீட்டுக் கேட்டை. அந்த வீட்டை இடித்து, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டி, மண்டபமும் பழசாகிவிட்டது. "பூட்டியாச்சு" என்று திலகவதி சொல்வாள். மணப்பெண் நிம்மதியாகத் தூங்கிவிடுவாள்.

அந்த இருவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரிவுரையாளரும் அதிகாரியும். திலகவதி பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள். ஓய்வு பெற்ற அன்று இரவு விரிவுரையாளர் வந்து சேர்ந்தாள், விரல் முழுக்கச் சிவப்பு மையோடு. தூக்கத்தில் செடிகளின் பெயரைச் சொல்லுவாள். சம்பந்தம் ஓய்வு பெற்றபோது அதிகாரி வந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டியிருந்தது. இன்றும் பல்லைக் கடிப்பார்.

மிச்சம் இருவர். ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுப்பவள். தொட்டில் கட்டி, அவிழ்த்த வருஷத்துத் திலகவதி அவள். மாமியார் வீட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் மாதக்கணக்கில் திரும்பவில்லை. கட்டிலிலும் அப்படித்தான். திலகவதிக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும், பின்னலும், அந்த மூச்சும். இழுத்து, நிறுத்தி, விடுவதா வேண்டாமா என்று யோசித்து விடுகிற மூச்சு.

இன்னொருவர் விசிறிக்காரர். அந்த வருஷம் சம்பந்தத்துக்கு வடக்கே எங்கோ ஒரு கோடியில் வேலை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்ற தந்தி கையில் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. கிடைத்ததும் லீவு சொல்லாமல் ரயில் ஏறிவிட்டார். அதற்காக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வந்து சேர்ந்தபோது தொட்டிலை அவிழ்த்துப் புடவையை மடித்து வைத்திருந்தார்கள். கோடை முழுவதும் அவர் செய்ததெல்லாம், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் பின்னால் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறியதுதான். மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் திலகவதி எழுந்து, தலை வாரிக்கொண்டு, கல்லூரி வேலைக்கு மனு எழுதினாள். அவரையும் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். அன்றிரவு இருவருமே ஒன்றாக வந்து இடம் கேட்டார்கள். இருந்த இடம் கட்டிலின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. அப்படியே படுத்துக்கொண்டார்கள்.

விசிறிக்காரருக்குப் பக்கத்து விளிம்பு திலகவதியுடையது. தூங்கினாலும் அவர் கை நிற்காது. அதனால் அவள் பக்கத்தில் மின்விசிறியே தேவைப்பட்டதில்லை. சுவர்ப் பக்கத்து விளிம்பு சம்பந்தத்துடையது.

வீட்டை விற்க வேண்டியதாயிற்று. முழங்கால் வலியும் ஒழுகும் ஓடுகளும் ஒன்றையொன்று போட்டிபோட்டுக்கொண்டு வளர்ந்தன. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் உமையாள் வந்து பார்த்துவிட்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டை முடித்துக்கொடுத்தாள். லிஃப்ட் உண்டு. எப்போதாவது வேலையும் செய்யும். படுக்கை அறையை அளந்து பார்த்ததில் அறுவர் கட்டில்தான் போகும், அதுவும் இறங்க இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டு. எண்மர் கட்டிலை ஒரு நாடகக் குழு மேடை போட வாங்கிக்கொண்டது.

உமையாள் போனில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கிங் சைஸ் போதுமே என்றாள். வெளியூரில் இருப்பவள். அவள் கட்டிலுக்கு இன்னும் யாரும் வந்து சேரவில்லை.

ஹாலில் இன்னொரு கட்டில் போடலாமே என்று கேட்கலாம். ஒரு வீட்டில் போட்டுப் பார்த்தார்கள். வருகிறவர்கள் எதில் படுப்பது என்று தெரியாமல், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடியும்வரை இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள். பாய் விரித்தால் அதில் அவர்கள் படுக்கமாட்டார்கள். கட்டில்தான், அதுவும் ஒன்றுதான்.

இடம் இல்லாமல் போனவர்கள் சில நாள் வாசற்கதவுக்கு வெளியே நிற்பார்கள். பிறகு பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவார்கள். நகராட்சி அங்கே ஒரு கூடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. தலையணையோடு வருபவர்களை நடத்துநர்கள் எழுப்புவதில்லை. அங்கிருந்தும் ஒரு நாள் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிப் போவார்கள். போகும்போது அவர்கள் காலத்தையும் எடுத்துக்கொண்டு போவார்கள். பக்கத்து வீட்டுப் பங்கஜவல்லி இடத்தை மிச்சம் பிடிக்கப்போய்ப் பத்தொன்பது வயதை விட்டுவிட்டாள். இப்போது தெப்பக்குளத்தைப் பார்த்தால் ஒதுங்கி நடக்கிறாள். ஒரு காலத்தில் அதை நீந்திக் கடந்தவள் அவள்தான் என்று மற்றவர்களுக்கு நினைவிருக்கிறது.

ஆகவே யாரை விடுவது என்பதில் அவசரப்பட முடியாது. மணமக்களை விட முடியாது. விட்ட தம்பதிகள் உண்டு. ஒருவரையொருவர் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று சாப்பாட்டு மேஜையில் யோசித்துக்கொண்டிருப்பார்கள். அதிகாரி போனால் சம்பந்தத்தின் கையெழுத்து போய்விடும், பென்ஷன் நின்றுவிடும். விரிவுரையாளர் போனால் திலகவதிக்குத் துளசியும் தும்பையும் ஒன்றாகிவிடும்.

ஒரு மாலை காபி குடிக்கும்போது திலகவதி சொன்னாள், சுவரைப் பார்ப்பவளை விட்டுவிடலாம் என்று. சாதாரணமாகத்தான் சொன்னாள். சம்பந்தம் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, விசிறிக்காரனை விட்டுவிடலாம், அவன் விசிறி அதிகாரியின் மூக்கில் அடிக்கிறது என்றார். கணக்கு சரியாக வந்துவிட்டது. இரண்டு பேர் குறைந்தால் அறுவர் கட்டில். ஆறிப்போன காபியைக் குடித்தார்கள்.

கடை ரெஜினாவுடையது. திலகவதியிடம் படித்தவள். தாவரவியலில் தேறவில்லை. ஆனால் பஞ்சில் தேறியிருந்தாள். கடையின் மூலையில் வெளியூர்க்காரர்களுக்காகக் குயின் சைஸ், கிங் சைஸ் என்று இரண்டு கட்டில்கள் இருந்தன. ராஜாவும் ராணியும் இவ்வளவு குறுகலிலா படுத்தார்கள் என்று உள்ளூர்க் குழந்தைகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ரெஜினா அவர்களுக்கு நன்னாரி சர்பத் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். அவள் கணவர் வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறாராம். ஜிம்முக்குப் போக ஆரம்பித்தபோது ஒருவர், அதை நிறுத்தியபோது ஒருவர்.

"எல்லாரும் குறட்டை மிஸ். ஒருத்தர் நிறுத்தினா அடுத்தவர் ஆரம்பிப்பார். நான் ஒருத்திதான் இருவது வருஷமா அப்படியே இருக்கேன்."

"மாறிப் பாரேன்," என்றார் சம்பந்தம்.

"எங்க சார், மாறுறதுக்குத் தூங்கி எழுந்திருக்கணும்ல."

மெத்தைகளைக் காட்டினாள். ஸ்பிரிங் மெத்தையை அவளே வேண்டாம் என்றாள். ஒருவர் புரண்டால் மற்ற ஐந்து பேரும் எழும்பி இறங்குவார்கள். நுரை மெத்தை நவீனமானது, ஆனால் அதற்கு ஞாபகம் அதிகம், ஒரு பள்ளம் விழுந்தால் இன்னொருவரை அதில் ஏற்றுக்கொள்ளாது. தென்னை நார் முதுகுக்கு நல்லது. இலவம்பஞ்சு எல்லோரையும் சமாளிக்கும், ஆனால் வெயிலில் போட்டு எடுக்க ஆள் வேண்டும். மூன்றாவது மாடியில் வெயிலுக்கு எங்கே போவது என்று திலகவதி கேட்டாள். நாரை அடியில் வைத்து மேலே இலவம்பஞ்சு வைத்துத் தைத்தது ஒன்று இருந்தது. அழுத்தினால் முதலில் இறங்கி, பிறகு நின்றது.

"கையால அழுத்திப் பார்த்து மெத்தை வாங்காதீங்க மிஸ். படுக்கப் போறவங்க படுத்துப் பார்க்கணும்."

அந்த ஊர்க் கடைகளில் அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. கடையின் நடுவில் பெரிய கட்டில் போட்டு, மெத்தையை விரித்து, சுற்றிலும் கறுப்புத் திரையை இழுத்துவிடுவார்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பதிகள் போய்க் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். எல்லோரும் வந்த பிறகு கண்ணைத் திறக்கலாம். தரையில் கால் வைக்காதவரை யாரும் போகமாட்டார்கள்.

திலகவதியும் சம்பந்தமும் ஆளுக்கொரு விளிம்பில் படுத்தார்கள். வெளியே ஆட்டோ ஹாரனும் ரெஜினா யாரோ ஒருவரிடம் தலையணை உறைக்கு விலை பேசுவதும் கேட்டன. மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒருவர், இன்னொருவர். மாப்பிள்ளை புது இடம் என்பதால் கூடுதலாக விறைத்துக்கொண்டார். அதிகாரி முஷ்டியால் இரண்டு குத்துக் குத்திப் பார்த்துவிட்டுத் திருப்தியாகச் சாய்ந்தார். "கேட்டைப் பூட்டியாச்சா?" என்றாள் மணப்பெண். "பூட்டியாச்சு." விரிவுரையாளர் ஏதோ ஒரு கொடியின் பெயரைச் சொல்லிவிட்டு அடங்கினாள். திலகவதியின் கழுத்தில் காற்று பட்டது. விசிறி ஆடத் தொடங்கியிருந்தது.

ஆனால் மெத்தை ஓயவில்லை. யாரோ இந்தப் பக்கம் புரண்டு, அந்தப் பக்கம் புரண்டு, எழுந்து உட்கார்ந்து, மறுபடி படுத்தார்கள். திலகவதி கண்ணைத் திறந்தாள். சுவரைப் பார்ப்பவள் சுவரைத் தேடிக்கொண்டிருந்தாள். நான்கு பக்கமும் திரைதான். காற்றில் அது அசைந்தது. அவளால் எதையும் பார்த்துப் படுக்க முடியவில்லை.

"ரெஜினா," என்று சம்பந்தம் திரைக்கு வெளியே குரல் கொடுத்தார். "ஒரு மெத்தையைத் தூக்கி என் பக்கத்துல நிமிர்த்தி வைம்மா. நல்ல தடியானதா."

வெளியிலிருந்து இழுக்கும் சத்தம் கேட்டது. திரைக்கு உள்ளே ஒரு மெத்தை சுவராக வந்து நின்றது. சுவரைப் பார்ப்பவள் அதன் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தாள். சம்பந்தம் தன் பங்குப் போர்வையை எடுத்து அவள் தோள்வரை இழுத்துவிட்டார். தோளில் ஆரம்பித்து, பின்னலை வெளியே எடுத்துப் போட்டு, முழங்கையை மூடி. கை தானாகப் போய் வந்தது. அன்று புதிதாகப் பழகிய கை இல்லை அது.

தூங்குகிறவர்களின் மேலாகத் திலகவதி மெதுவாகக் கேட்டாள்.

"அவளை விட்டுடலாம்னு சொன்னேனே."

"சொன்னே."

"ராத்திரி முழுக்க அந்த மூச்சைக் கேட்டுக்கிட்டுப் படுக்க முடியலைங்க."

"உனக்கு மூச்சுதான் கேக்குது. சுவருக்கும் அவளுக்கும் நடுவுல படுத்திருக்கிறவன் நான். சுவரைப் பாக்கறாள்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்கே. இத்தனை வருஷமா என் முகத்தைத்தான் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கா."

திலகவதி தலையைத் தூக்கி அந்த முதுகைப் பார்த்தாள். தன்னுடைய அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அந்த வருஷம் அறையில் கண்ணாடி இருந்தது. அவள் அதன் பக்கம் போகவில்லை.

"எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"நேத்துக்கு இன்னைக்கு ஒண்ணும் மாத்தமில்ல. உதடு வெடிச்சிருக்கும். வெண்ணெய் தடவினா நல்லதுன்னு தோணும். விடிஞ்சதும் மறந்துபோயிடும்," என்றார்.

விசிறி அசைந்தது. அதிகாரியின் மூக்கில் பட்டது. அதிகாரி பல்லைக் கடித்தார்.

"அப்படின்னா அவரும் இருக்கட்டும்," என்றாள் திலகவதி.

"அவன் எதுக்கு? எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து விசிறினவன்."

"வந்தாரே."

"லேட்டா வந்தான், திலகம்."

"எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. முதுகுல காத்து பட்டுக்கிட்டே இருந்தது. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்தேன். அவரை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிட்டு என்னால தூங்க முடியாது."

சம்பந்தம் அவளைப் பார்த்தார். அவர்களுக்கு நடுவில் ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நார் மெத்தை முதலில் இறங்கி, பிறகு நின்றிருந்தது. யாருக்கும் பள்ளம் விழவில்லை. ரெஜினா திரைக்கு வெளியே வந்து நின்று, கடையில் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதைத் தொண்டையைச் செருமித் தெரிவித்தாள். இருவரும் ஒரே சமயத்தில் காலைக் கீழே வைத்தார்கள். மெத்தை ஒரு பெருமூச்சோடு மேலே எழும்பியது.

"பிடிச்சுதா சார்? எல்லாருக்கும்?"

"பிடிச்சுது."

"எத்தனை பேர்?"

"ஆறு பேர்," என்றார் சம்பந்தம்.

ரெஜினா வழக்கப்படி இரண்டைக் கூட்டிக்கொண்டாள். பிறகு அவர்கள் சொல்லியிருந்த அறையின் அளவு அவளுக்கு நினைவு வந்தது. எண்மர் கட்டில் போட்டால் அந்த அறையில் கதவைக்கூடத் திறக்க முடியாது என்றாள். ஆறு என்பது அவர்களைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்பது மரியாதையில்லை. அதனால் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"சேர்க்காமத்தான்," என்றார் சம்பந்தம். "அறுவர் கட்டிலே போடு."

ரெஜினா திலகவதியைப் பார்த்தாள். திலகவதிக்குப் புரிந்துவிட்டது. நாங்க போக, நாங்க போக என்று எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்கள். வெறும் மரியாதைக்குச் சொன்னது. யாராவது ஒருநாள் அதன்படி நடக்க வேண்டியதுதானே.

"கூட ஒரு கோரைப் பாயும் வேணும்," என்றாள் திலகவதி. "ரெண்டு பேர் படுக்கிற மாதிரி."

கட்டில் வந்த அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. கட்டிலைக் கழற்றிப் படியில் ஏற்றினார்கள். மெத்தை படி திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டது. கயிறு கட்டி பால்கனி வழியாக இழுத்தார்கள். இரண்டாவது மாடிக்காரர் அது தன் ஜன்னலைக் கடந்து போவதை டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கு வீதி வீட்டிலிருந்து கொண்டுவந்த தொலைபேசியை ஹாலில் ஒரு முக்காலியின் மேல் வைத்தாள் திலகவதி. அதன் பக்கத்தில் பாயை விரித்தாள்.

புது அறையில் ஒரு குறை இருந்தது. முன்பு சுவர் இருந்த பக்கத்தில் இங்கே ஜன்னல். கிழக்கு ஜன்னல், கட்டில் நீளத்துக்கு. சம்பந்தம் அதற்குத் திரை வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உமையாள் அடுத்த முறை வரும்போது நல்லதாகப் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்றிருந்தாள்.

அன்றிரவு இருவரும் கட்டிலில் சற்று நேரம் படுத்துக் கண்ணை மூடி எல்லோரையும் வரவழைத்தார்கள். வந்து சேர்ந்ததும், கட்டிலிலிருந்து தரையில் கால் படாமல், பாய்வரை தலையணைகளைப் பரப்பி அவற்றின் மேல் ஊர்ந்து போனார்கள். இந்த வயதில் அது சுலபமாக இல்லை. சம்பந்தம் கதவருகில் சிரித்துவிட்டார். ஆறு பேரும் எழவில்லை. அவர்களுக்கு இடம் தாராளமாக இருந்தது. ஜன்னல் பக்கத்து விளிம்புக்குச் சுவரைப் பார்ப்பவள் நகர்ந்திருந்தாள். இந்தப் பக்க விளிம்பில் விசிறிக்காரர். விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கும் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பாய் குளிர்ச்சியாக இருந்தது. நடுவில் யாரும் இல்லாமல் அவர்கள் படுத்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கையை எங்கே வைப்பது என்று சம்பந்தத்துக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையைப்போல் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டார். திலகவதி அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

திலகவதி கண் விழித்தபோது பால் பொங்கும் வாசனை வந்தது. சமையலறையில் யாரோ பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள், அடுத்தவர் வீட்டில் வைப்பதுபோல் சத்தமில்லாமல். படுக்கை அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் காலியாக இருந்தது, யாரோ முந்திக்கொண்டு இறங்கியிருந்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் மெத்தையின் கடைசிவரை வந்திருந்தது. வெயிலில் போட்டு எடுக்க ஆள் வேண்டாம் போலிருக்கிறது என்று திலகவதி நினைத்தாள்.

சுவரைப் பார்ப்பவள் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். பாயை மிதிக்காமல் சுற்றி நடந்தாள். நேராகப் பார்த்தபோது அவள் மிகவும் சின்னவளாக இருந்தாள். உதட்டில் வெண்ணெய் பளபளத்தது.

"லிஃப்ட் சரியாச்சா?" என்று கேட்டாள் திலகவதி. படுக்கும்போது அதுதான் அவள் மனதில் கடைசியாக இருந்தது.

"சரியாச்சு. படுங்க," என்றாள் அவள்.

சம்பந்தம் தூக்கத்தில், ஜன்னலுக்குத் திரை போட்டாச்சா என்றார்.

"போட்டாச்சு."

அவர் நிம்மதியாகத் திரும்பிப் படுத்தார். வெயில் ஹாலுக்கும் வந்துகொண்டிருந்தது. பாயில் இருந்தவர்களும் கிளம்ப வேண்டிய நேரம். திலகவதி தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அப்போது தொலைபேசி மணி அடித்தது. உமையாள் தினமும் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள்.

சுவரைப் பார்ப்பவள் குனிந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா," என்றது குரல், பாய்வரை கேட்கும்படி. "அம்மா, புது மெத்தை எப்படிம்மா இருக்கு?"

அவள் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள், நிறுத்தினாள். திலகவதி காத்திருந்தாள். வாசலில் லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தது. விசிறிக்காரர் கையில் தயிர் பாக்கெட்டோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் பின்னால் நின்றார்.

மூச்சு வெளியே வந்தது.

"நல்லா இருக்கும்மா," என்றாள் அவள். "நீ எழுந்து பல் தேய்ச்சியா?"